காற்றுக்குக் கணக்குப் போட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்

கெடாவின் பீடோங் வட்டாரத்தில் நாலு பேர் சேர்ந்து தாஸ்மானியாவுக்குக் கோல்ஃப் ஆடப் போகலாம் என்று பேச்செடுத்தால், முதல் கேள்வி டிக்கெட் எத்தனை வெள்ளி என்பதுதான். அடுத்தது சாப்பாடு. மூன்றாவதாக மைதானத்தைப் பற்றிக் கேட்பார்கள். காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதில் குற்றமும் இல்லை. செம்பனைக்கு நடுவே இருக்கும் நம் மைதானங்களில் கொடித்துணி பெரும்பாலான நாள் கம்போடு ஒட்டிக்கொண்டுதான் தொங்கும். 130 மீட்டர் என்றால் 7 அயர்ன் கிளப் (எண் கூடக் கூட தூரம் குறையும்). நேற்றும் அதுதான், அடுத்த மாதமும் அதுதான். மழைக்கு முன்னால் கால் மணி நேரம் வீசுகிற காற்றுக்காக யாரும் கிளப் மாற்றிப் பழகுவதில்லை, கொட்டகைக்கு ஓடிவிடுவோம்.

நாம் போகிற தாஸ்மானிய மைதானமான பார்ன்பூகலில் அந்த 130 மீட்டருக்கு ஒரு நாள் 4 அயர்ன் வேண்டும், மறுநாள் குட்டை அடிக்கான வெட்ஜ் போதும். இதற்குத் தயாராகாமல் போகிறவர், அத்தனை பணம் செலவழித்து, மூன்று நாளும் தன் அடி ஏன் குறைந்துபோனது என்று புலம்பிவிட்டுத் திரும்புவார். டிக்கெட்டும் தங்குமிடமும் ஒரு மாலையில் முடிகிற வேலை. உண்மையான திட்டம் நம் தூரக் கணக்கை மாற்றி எழுதுவதுதான்.

இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாஸ்மானியாவின் வடகிழக்குக் கரையில் பிரிட்போர்ட் என்கிற சிற்றூர். அதை ஒட்டி, பாஸ் நீரிணையைப் பார்த்தபடி, ஓர் உருளைக்கிழங்குப் பண்ணையின் கடலோர மணல்மேடுகளில் அமைந்தது பார்ன்பூகல். டாம் டோக்கும் மைக் கிளேட்டனும் வடிவமைத்த 'டூன்ஸ்' 2004இல் திறந்தது. பில் கூர், பென் கிரென்ஷா இருவரின் 'லாஸ்ட் ஃபார்ம்' 2010இல் வந்தது. அதில் ஹோல்கள் 18 அல்ல, 20. பின்னாளில் 'பூகல் ரன்' என்ற 14 ஹோல் குட்டி மைதானமும் சேர்ந்தது. இடம் ஏறத்தாழ 41 டிகிரி தெற்கு. ஆப்பிரிக்காக் கண்டமே 35 டிகிரிக்கு முன்னால் முடிந்துவிடுவதால், தாஸ்மானியாவுக்கு மேற்கே காற்றைத் தடுக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு நிலமே இல்லை. அங்கே அடிப்பது பெரும்பாலும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வருவது.

தேதிக்கு வருவோம். தாஸ்மானியாவில் காற்று மிகப் பலமாக வீசுவது அவர்களின் வசந்தத்தில், அதாவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. நமக்கு அது புரட்டாசி, தீபாவளிக் காலம். விரதம் இருப்பவர்களுக்குப் பிரிட்போர்ட்டில் மூன்று வேளை சைவம் தேடுவது தனிப் பாடு, அதையும் வருடத்தின் மோசமான காற்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். ஜூன், ஜூலையில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும், குளிரும் அதிகம். தைப்பூசம் முடிந்து பிப்ரவரி பின்பாதி, மார்ச் மாதம்தான் நம்மவர்களுக்குச் சரி. பகலில் 20 டிகிரியை ஒட்டிய வெப்பம், இரவு எட்டு மணி வாக்கில்தான் இருட்டு, முன்காலையில் ஓரளவு அமைதி. இன்னொரு வசதியும் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் கெடாவில் மழை குறைந்து வடகிழக்குக் காற்று வீசும். அறுவடை முடிந்த வயலில் பிள்ளைகள் பட்டம் விடுகிற அந்த வாரங்கள்தான், ஊரை விட்டு நகராமலே காற்றில் ஆடிப் பழக நமக்குக் கிடைக்கிற ஒரே காலம்.

இனிக் கணக்கு. முதலில் குளிர். 30 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 12 டிகிரிக் காற்று ஏழு சதவீதத்துக்கு நெருக்கமாக அடர்த்தி கூடியது. பந்தும் குளிர்ந்து கொஞ்சம் மந்தமாகும். இங்கே 130 மீட்டர் போகிற 7 அயர்ன், காற்றே இல்லாத குளிர்ந்த காலையில் 126 மீட்டரில் விழும். மிக நீண்ட அடிக்கான டிரைவர் கிளப்பில் எட்டு பத்து மீட்டர் குறைந்துவிடும். இதைக் கழித்த பிறகுதான் காற்றுக்கு வர வேண்டும். பலரும் இந்தக் கழிப்பை மறந்துவிட்டு, நாள் முழுக்க எல்லா அடியும் கொஞ்சம் முன்னாலேயே விழுவதாகத் தலையைச் சொறிவார்கள்.

காற்றுக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு எளிது. எதிர்க்காற்று மணிக்கு 15 கி.மீ. என்றால் தூரத்தில் பத்து சதவீதம் கூட்டு, 30 கி.மீ. என்றால் இருபது சதவீதம் கூட்டு. பின்காற்றுக்கு அதில் பாதியைத்தான் கழிக்க வேண்டும். எதிர்க்காற்று பறிப்பதைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது. எதிர்க்காற்றில் பந்தைச் சுற்றிக் காற்றோட்டம் வேகமாவதால் இழுவையும் கூடும், பந்தின் பின்சுழற்சியால் வருகிற தூக்கலும் கூடும். அதனால் பந்து நின்ற இடத்திலேயே மேலே ஏறி, தொப்பென்று விழுந்துவிடும். பின்காற்றில் தூக்கல் குறைந்துபோவதால், தள்ளிவிடுவதில் ஒரு பங்கு வீணாகிறது.

ஆக, 130 மீட்டர் அடிக்கு 30 கி.மீ. எதிர்க்காற்று என்றால் 156 மீட்டர் அடிக்க வேண்டும். அதே வேகப் பின்காற்றில் 104 மீட்டர்தானே என்று தோன்றும். இல்லை, பாதிதான் கழிக்க வேண்டும், அதனால் 117. ஆனால் இறுகிய மணல் தரையில் பின்காற்றோடு விழுகிற பந்து 15, 20 மீட்டர் ஓடும். ஆகவே பந்து தரை தொட வேண்டிய இடம் க்ரீனுக்கு (குழியைச் சுற்றிய மழுக்க வெட்டிய புல்தரைக்கு) முன்னால், கொடிக்கு இருபது மீட்டர் இப்பால். பின்காற்றில் நம்மவர்கள் கெடுவது இங்கேதான். நம் ஊர் மழைத்தரையில் பந்து விழுந்த இடத்திலேயே குத்தி நிற்கும். அந்தப் பழக்கத்தில் கொடியைப் பார்த்து அடித்தால், பந்து க்ரீனைத் தாண்டிப் புல்லுக்குள் போயிருக்கும்.

பக்கக் காற்றுக்கு எண் சொல்வது கடினம், அடிக்கிற உயரத்தைப் பொறுத்தது. 15 கி.மீ. காற்றிலேயே 140 மீட்டர் அடி க்ரீனின் பாதி அகலம் விலகும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். காற்றுக்கு எதிராகப் பந்தை வளைத்து அடிக்கிற வித்தை எல்லாம் ஒற்றை இலக்க ஹேண்டிகேப் உள்ள கைதேர்ந்தவர்களுக்கு. மற்றவர்கள் கொடியை மறந்து, பங்கர் என்கிற மணல்குழியின் விளிம்பையோ ஒரு மணல்மேட்டையோ இலக்காக வைத்து நேராக அடித்துவிட்டு, மிச்சத்தைக் காற்றிடம் விட்டுவிடுவதுதான் நல்லது.

ஒரு வசதி, மலேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மீட்டர்தான். தூரமானியை மாற்ற வேண்டியதில்லை. போகுமுன் ஓர் உள்ளங்கை அளவு அட்டையில் ஒவ்வொரு கிளப்புக்கும் மூன்று எண் எழுதுங்கள்: குளிர்ந்த காலையில் காற்றில்லாத தூரம், 30 கி.மீ. எதிர்க்காற்றில் போகும் தூரம், அதே பின்காற்றில் போகும் தூரம். இடையில் வருகிற காற்றுக்கு இடையில் உள்ள எண். இந்த அட்டையை விமானத்தில் உட்கார்ந்து எழுதாதீர்கள். பட்டக் காற்றில் ஆடிப் பார்த்துத் திருத்தி எழுதுங்கள்.

காற்றின் வேகம் எப்படித் தெரியும்? ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் முன்னறிவிப்பில் வரும் எண் பத்து நிமிடச் சராசரி. திடீர் வீச்சு அதைவிட நாற்பது சதவீதம் வரை கூடலாம் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். 30 என்று போட்டிருந்தால் இடையிடையே 42க்குத் தயாராக இருக்க வேண்டும். அளக்கும் கருவி தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருப்பது. உங்கள் கன்னத்தில் படுகிற காற்று அதைவிடக் குறைவு, பந்து ஏறுகிற 20, 25 மீட்டர் உயரத்தில் அதைவிட அதிகம். அதிலும் டூன்ஸில் சில டீக்கள் (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடங்கள்) மணல்மேட்டின் மறைவில் இருக்கும். நிற்கும் இடத்தில் இலை அசையாது. அடித்த பந்து மேட்டின் உச்சியைத் தாண்டியதும் காற்றில் சிக்கித் திரும்பும். புல்லைப் பிய்த்து எறிந்து பார்ப்பது அந்த இடத்தில் ஏமாற்று வேலை. க்ரீனில் கொடி எப்படி விறைக்கிறது, மேட்டின் தலையில் உள்ள நீளப்புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பாருங்கள்.

கடல் கண்ணில் படும்போது அதையே கருவியாக வைத்துக்கொள்ளலாம். அங்கங்கே ஒன்றிரண்டு வெண்ணுரை தெரிந்தால் காற்று 12 முதல் 19 கி.மீ. வெண்ணுரை நிறையத் தெரிந்தால் 20 முதல் 28. எங்கு பார்த்தாலும் வெள்ளை, கூடவே கொஞ்சம் சாரல் என்றால் 29 முதல் 38. குடையைப் பிடிக்க முடியாமல் போனால் 39ஐத் தாண்டிவிட்டது. இது போஃபோர்ட் அளவுகோல், மாலுமிகள் வெகுகாலமாகப் பயன்படுத்துவது. எந்தச் செயலியைவிடவும் நம்பகமானது, ஏனென்றால் நீங்கள் ஆடுகிற இடத்திலேயே ஆடுகிற நேரத்திலேயே பார்க்கிறீர்கள்.

திசையில் ஒரு நுணுக்கம் உண்டு. குளிர்முகம் ஒன்று கடக்கப்போகிறது என்றால் முதலில் வடமேற்குக் காற்று வலுக்கும். முகம் கடந்ததும் சட்டென்று தென்மேற்காக மாறி, குளிரும், தூறலும் வரலாம். கடல் வடக்கே இருப்பதால், மேற்கு நோக்கி ஆடும் ஹோலில் கடல் வலக்கை பக்கம். வடமேற்குக் காற்று பந்தை இடப்பக்கம், நிலத்தின் மேல் தள்ளும். தென்மேற்குக் காற்று வலப்பக்கம், கடலோர மேடுகளுக்குள் தள்ளும். இரண்டும் மேல்காற்றுதான், ஆனால் தொலைக்கிற பந்தின் எண்ணிக்கை வேறு. காலையில் லோ ஹெட் வானிலை நிலையத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். டேமர் ஆற்றின் முகத்துவாரத்தில், பார்ன்பூகலுக்கு மேற்கே அதே கரையில் இருப்பதால், அங்கே திசை மாறிவிட்டால் உங்கள் பக்கமும் விரைவில் மாறும். இது எதுவும் இல்லாத தெளிந்த நாளில் முற்பகல் முடியும்போது கடற்காற்று எழும்பும். காலை முதல் டீ நேரத்துக்கு நாலு பேரும் அடித்துக்கொள்வது அதனால்தான்.

பயிற்சிக்கு வேண்டியது ஒரு சுருள் ரஃபியா கயிறு. மைதானத்தின் ஓரத்தில் இரண்டு மூங்கிலை நட்டு, மூன்று மீட்டர் உயரத்தில் கயிற்றைக் கட்டுங்கள். பதினைந்து மீட்டர் பின்னால் பந்தை வையுங்கள். 7 அயர்னால் கயிற்றுக்குக் கீழே அடிக்க வேண்டும். அந்தக் கோணம் ஏறத்தாழ 11 டிகிரி. வழக்கமான 7 அயர்ன் அடி இதைவிடச் செங்குத்தாகக் கிளம்பும், அதனால் முதல் வாரம் கயிற்றுக்கு மேலேயேதான் போய்க்கொண்டிருக்கும். பந்தை ஒரு பந்தகலம் பின்காலை நோக்கி நகர்த்துங்கள். கைப்பிடியை மூன்று சென்டிமீட்டர் கீழே இறக்கிப் பிடியுங்கள். முக்கால் வீச்சு, முடிவில் கைகள் மார்புக்கு மேலே போகக் கூடாது. முக்கியமாக, வேகமாக அடிக்கக் கூடாது. பலம் கூடினால் சுழற்சி கூடும், சுழற்சி கூடினால் பந்து ஏறும், ஏறினால் காற்று எடுத்துக்கொள்ளும். எதிர்க்காற்றைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்குவது மனித இயல்பு. அதை அடக்க ஒரே வழி, தேவையானதைவிட இரண்டு கிளப் பெரியதாக எடுப்பது. 7 போதும் என்றால் 5ஐ எடுத்து மெதுவாக. டிரைவரில் மட்டும் டீயை, அதாவது பந்தை வைக்கும் குச்சியை, மிகத் தாழ்த்திவிடாதீர்கள். தாழ்ந்த டீயில் நம்மவர்கள் பந்தை மேலிருந்து வெட்டுவார்கள், சுழற்சி கூடிப் பந்து வானத்துக்குப் போகும்.

அடுத்தது தரை. நம் பழைய தோட்ட மைதானங்களில் ஃபேர்வே மாட்டுப்புல். அகன்ற இலை, பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொடுக்கும், அடியில் ஈரமண். பார்ன்பூகலில் ஃபெஸ்க்யூ, ஊசி போன்ற புல், கீழே மணல். பந்து கிட்டத்தட்டத் தரையிலேயே கிடக்கும். நம் ஈரத்தரைக்கு வாங்கிய 12 டிகிரி பவுன்ஸ் (அடிப்பாகப் புடைப்பு) உள்ள வெட்ஜை அங்கே திறந்து வைத்து அடித்தால், அடிப்பாகம் தரையில் பட்டுத் துள்ளி, பந்தின் வயிற்றில் இடிக்கும். பந்து க்ரீனைத் தாண்டிப் பறக்கும். 8 டிகிரிக்குக் குறைந்த பவுன்ஸ் உள்ள ஒன்று பையில் இருந்தால் நல்லது. அதைவிட நல்லது வெட்ஜையே எடுக்காமல் இருப்பது. 30 மீட்டர் வெளியிலிருந்து பந்தை உருட்டுகிற பட்டர், அல்லது 8 அயர்னால் உருட்டல். தோட்டப் பள்ளிக்கூடப் பாடாங்கில் கோல் கம்பத்துக்கு முன்னால் புல் தேய்ந்து வழுக்கையாக ஒரு திட்டு இருக்குமே, அங்கே வைத்துப் பழகுங்கள். அந்த இறுகிய மண்ணில் 8 அயர்னால் சுத்தமாகப் பந்தைத் தொட முடிந்தால் ஃபெஸ்க்யூ பயப்படுத்தாது.

பட் அடிக்கும்போது புல் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது என்று தேடுவது நமக்கு ரத்தத்தில் ஊறியது. அங்கே அது அநேகமாகப் பொருட்டல்ல. அதற்குப் பதில் காற்று. 35 கி.மீ. காற்று உருளும் பந்தையும் நகர்த்தும், நிற்கிற உங்களையும் அசைக்கும். கால்களை அகட்டி வைத்து, கைப்பிடியைத் தாழ்த்திப் பிடியுங்கள். காற்றில் பந்து நகராமல் இருக்கத்தான் அங்கே பந்து வேகமாக ஓடும்படி க்ரீனை மழுக்க வெட்டுவதில்லை. மெதுவாக இருக்கிறதே என்று குறை சொல்லாதீர்கள்.

நடை. பார்ன்பூகல் நடந்து ஆடும் மைதானம். மோட்டார் வண்டி மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்குத்தான், அதையும் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பக்கி என்றால் கையால் இழுக்கும் தள்ளுவண்டி. நம் வழக்கப்படி நாலு பேருக்கு இரண்டு பக்கி என்று பதிவு செய்தால், இரண்டு தள்ளுவண்டிதான் காத்திருக்கும், இன்னும் இரண்டு பேர் பையைத் தோளில் போட வேண்டும். ஒரு சுற்று ஒன்பது பத்து கிலோமீட்டர், மேடும் மணலுமாக. மோட்டார் வண்டிக்குப் பழகிய முழங்காலுக்கு இரண்டு மாதப் பழக்கம் வேண்டும். வாரத்தில் மூன்று நாள் தோட்டத்துச் செம்மண் பாதையில், பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏற்றம் பார்த்து நடந்தால் போதும்.

துணிமணிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. நம் பக்கத்துப் பண்டல் (பழைய துணி) கடைகளில் மெல்லிய கம்பளி உள்சட்டையும் காற்றுப் புகா மேலங்கியும் மலிவாகக் கிடைக்கும். வாங்கும்போது மேலங்கியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் காற்று வந்தால் வேண்டாம். தடித்த ஒரு சட்டையைவிட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது, தோள் சுழல வேண்டுமே. 12 டிகிரியும் 35 கி.மீ. காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு 9 டிகிரி போலத் தெரியும். மழை உடையை மட்டும் புதிதாக, நல்லதாக வாங்குங்கள். மழைக் கையுறை ஒரு ஜோடி, காதை மூடும் தொப்பி ஒன்று. குடையை வீட்டிலேயே விடுங்கள். குளிர்கிறதே என்று வெயிலை மறந்துவிடக் கூடாது. தாஸ்மானியக் கோடையில் புறஊதாக் கதிர் கடுமை, தோல் கருகுவது இரவில்தான் தெரியும். பந்து ஆளுக்கு ஒரு டஜன், சுழற்சி குறைந்த ரகம். பையில் 14 கிளப்தான் என்பதால், 60 டிகிரி வெட்ஜை எடுத்துவிட்டு ஒரு ஹைபிரிட் அல்லது 4 அயர்னைச் சேர்க்கலாம்.

விமான நிலையத்துத் தாவர, விலங்குத் தனிமைச் சோதனையில்தான் தோட்டப்புறத்து ஆள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் வருகை அட்டையில் மண் ஒட்டிய பொருள் இருக்கிறதா, கடந்த 30 நாளில் பண்ணை, கால்நடை இருக்கும் இடத்துக்குப் போனீர்களா என்ற கேள்விகள் உண்டு. தோட்டத்தில் குடியிருப்பவர், வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டியிருப்பவர், ஆம் என்றுதான் குறிக்க வேண்டும். குறித்தால் ஐந்து நிமிடம் விசாரிப்பார்கள், காலணியைப் பார்ப்பார்கள், விட்டுவிடுவார்கள். இல்லை என்று குறித்துவிட்டுக் காலணியில் செம்மண்ணோடு மாட்டினால் அபராதம்.

காலணியைக் கழுவுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மேலாகத் தண்ணீர் ஊற்றினால் போதாது. ஸ்பைக்குகளை அதற்கான சாவியால் கழற்றிவிடுங்கள். அவை திருகி உட்காரும் பள்ளத்துக்குள்தான் மண் கெட்டியாக அடைந்திருக்கும். பழைய பல் துலக்கியும் சோப்புத் தண்ணீரும் வைத்துத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, பிறகு மாட்டுங்கள். நாடாவை உருவித் துவையுங்கள், புல்விதை அதில்தான் ஒட்டும். அயர்ன்களின் முகத்தில் உள்ள கோடுகள், பையின் அடிப்பாகம், துண்டு, கையுறையின் ஒட்டுப்பட்டி, எல்லாமே பார்க்க வேண்டும். பையின் ஒவ்வொரு ஜேப்பையும் வெளியே இழுத்துக் கொட்டுங்கள். போன வருடத்து ஆசாம் போய், வேர்க்கடலை, பாதி உடைந்த மர டீ எல்லாம் அங்கே இருக்கும். மர டீயைப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் டீயாக எடுத்துப் போவது சுலபம். பணப்பையில் கோயில் பிரசாதத்தோடு துளசியோ வில்வமோ வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துவிடுங்கள், காய்ந்திருந்தாலும் அது இலைதான். ஊறுகாய், மசாலாத்தூள் கொண்டுபோவதாக இருந்தால் எழுதிக் காட்டுங்கள். மெல்போர்னில் இறங்கிப் பழம் வாங்கினால் அங்கேயே தின்றுவிட வேண்டும். தாஸ்மானியாவுக்கென்று தனிக் கட்டுப்பாடு இருக்கிறது, லான்செஸ்டனில் இறங்கும்போது மோப்ப நாய் நின்றாலும் நிற்கும்.

பயணத்தில் சிக்கல் குறைவு. கோலாலம்பூரிலிருந்து மெல்போர்னுக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம், அங்கிருந்து லான்செஸ்டனுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்தால் இடையில் நாலு மணி நேரமாவது விடுங்கள், சோதனையில் பை திறக்கப்படலாம். உள்நாட்டு விமானத்துக்கும் கோல்ஃப் பையின் எடையைத் தனியாக வாங்க வேண்டும். லான்செஸ்டனிலிருந்து பிரிட்போர்ட்டுக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். நாலு பேர், நாலு கோல்ஃப் பை, நாலு பெட்டி ஒரு சாதாரணக் காரில் ஏறாது. எட்டு இருக்கை வேன் எடுத்து, பின்வரிசையை மடக்குங்கள். சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுவது, ஆனால் அந்தி சாய்ந்ததும் வல்லபி, வாம்பாட் சாலைக்கு வரும். இருட்டுவதற்குள் போய்ச் சேர்கிற மாதிரி விமானம் பிடியுங்கள், வாடகைக் காப்பீட்டில் விலங்கு மோதலுக்கு என்ன விதி என்றும் படியுங்கள். மலிவான பலசரக்கு வேண்டுமானால் லான்செஸ்டனிலேயே வாங்கிவிட வேண்டும்.

ஆட்ட வரிசை. போய் இறங்கிய மாலை பூகல் ரன். பெரும்பாலும் குட்டை ஹோல்கள், அதனால் எல்லாத் திசைக் காற்றிலும் அயர்ன் அடித்து அட்டையில் எழுதிய எண்ணைச் சரிபார்க்கத் தோதான இடம். மறுநாள் லாஸ்ட் ஃபார்ம், அதற்கடுத்த நாள் டூன்ஸ். கோடை நேரப்படி அங்கே மணி நம்மைவிட மூன்று மணி நேரம் முன்னால், ஏழு மணி டீ என்றால் உடம்புக்கு அதிகாலை நாலு. முதல் நாளே விடியற்காலை ஆட்டம் போடாதீர்கள். ஒரே நாளில் இரண்டு சுற்று ஆடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், காற்றில் ஒரு சுற்று முடித்த பிறகு மறுபடி பேசட்டும்.

முன் டீயிலிருந்து ஆடுவதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. எதிர்க்காற்றில் அந்தப் பார் 4கள் (நாலு அடியில் முடிக்க வேண்டிய ஹோல்கள்) உங்களுக்கு இரண்டு அடியில் எட்டாது. பந்தயம் கட்டி ஆடுவதாக இருந்தால் ஹோலுக்கு ஹோல் வெல்கிற மேட்ச் முறை அல்லது ஹோலுக்குப் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்ட். மொத்த அடியை எண்ணினால் ஐந்தாவது ஹோலிலேயே ஒருவர் மனம் விட்டுப்போவார். மன்றத்துக்கு ஸ்கோர் அனுப்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஆட்டச் சூழலுக்கான திருத்தம் உலக ஹேண்டிகேப் முறையில் மைனஸ் 1 முதல் பிளஸ் 3 வரைதான். காற்று எவ்வளவு அடித்தாலும் அதற்குமேல் தள்ளுபடி கிடையாது.

விதிகளில் இரண்டு மட்டும் மனதில் இருக்கட்டும். க்ரீனில் பந்து நின்றதும் குறியிட்டு, எடுத்து, திரும்ப வைத்துவிடுங்கள். அப்படி எடுத்து வைத்த பந்தைக் காற்று நகர்த்தினால் பழைய இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். எடுக்காமல் விட்ட பந்தைக் காற்று நகர்த்தினால் போன இடத்திலிருந்து ஆட வேண்டும், அது பங்கரானாலும் சரி. 2015இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பன் போட்டியில் க்ரீனில் பந்து நிற்காததால் சனிக்கிழமை ஆட்டத்தைப் பத்து மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி, போட்டியே திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. இரண்டாவது, பந்து தேட மூன்று நிமிடம்தான். நீளப்புல்லுக்குள் போனது போலத் தெரிந்தால் அங்கேயே மாற்றுப் பந்து அடித்துவிட்டுப் போங்கள், காற்றை எதிர்த்துத் திரும்பி நடப்பது வேதனை. இது விதியில் இல்லாதது: பையை நிறுத்தி வைக்காதீர்கள், தரையில் படுக்க வையுங்கள். காற்றில் சாய்ந்த பையில் முதலில் ஒடிவது டிரைவரின் தண்டுதான்.

டூன்ஸின் 7ஆவது ஹோலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 'டாமின் குட்டிச் சாத்தான்' என்று அதற்குப் பெயர். பார் 3, தூரம் 110 மீட்டரை ஒட்டித்தான். அட்டையில் பார்த்தால் மிக எளிதான ஹோல். க்ரீன் சின்னது, மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலும் சரிவு, தவறினால் ஆழமான பங்கர். நம் ஊரில் இதற்கு 9 அயர்ன். அங்கே நீங்கள் கையில் எடுக்க வேண்டியது கடைசியில் எடுக்கிற வெட்ஜிலிருந்து 5 அயர்ன் வரை எதுவாகவும் இருக்கலாம். எதிர்க்காற்றாக இருந்தால் உயரமான அடியை மறந்துவிட்டு, கயிற்றுக்குக் கீழே பழகிய அந்தத் தாழ்வான அடி. நாலு பேரில் முதலில் அடிப்பவரின் பந்தைக் கடைசிவரை பாருங்கள், க்ரீனை நெருங்கும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்று. அடுத்தவர் என்ன கிளப் எடுத்தார் என்று வாய்விட்டுக் கேட்டால் தண்டனை உண்டு, கண்ணால் பார்த்துக்கொள்வதில் தப்பில்லை. வீச்சு அடங்கும்வரை பத்து வினாடி காத்திருந்து அடிக்கலாம், அதற்குமேல் காத்திருந்தால் பின்னால் வருகிற குழு முறைக்கும்.

பதிவு செய்யும்போது மூன்று இரவுக்குக் குறைவாகப் போடாதீர்கள். 60 கி.மீ. வீச்சு அடிக்கிற நாள் ஒன்று இடையில் வந்தால், அன்று பார் அடிக்கிற எண்ணத்தை விட்டுவிட்டு, ஆளுக்கு மூன்று கிளப்போடு பூகல் ரன்னில் சுற்றலாம். இரண்டு இரவு மட்டும் போட்டவர்கள் அந்த நாளிலும் டூன்ஸ்தான் ஆடியாக வேண்டும். திரும்பும் விமானத்தையும் மறுநாள் பிற்பகலுக்கு வையுங்கள். மழையில் நனைந்த காலணியும் கையுறையும் காயாமல் பையில் போட்டால், பினாங்கில் இறங்கும்போது பூஞ்சை பிடித்திருக்கும்.